மலைமுழுங்கி மகாதேவன் ஆவது எப்படி?

இந்தப் பயிற்சிக்கு வந்து உட்கார்ந்ததிலேயே பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். மீதிக் கிணற்றைத் தாண்ட வைப்பது என் பொறுப்பு. புதிதாக எதையும் சொல்லித்தரப் போவதில்லை. நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதைத்தான் வரிசைப்படுத்தித் தருகிறேன்.

பெரிய தகுதி எதுவும் வேண்டாம். ஒரு பால்கனி, ஒரு கைபேசி, மழைக்காலத்தில் பச்சையைக் கண்டால் நிறுத்திப் படம் எடுக்கும் பழக்கம் இருந்தால் போதும். புனேவாசிகளுக்குக் கூடுதல் வசதி உண்டு, இங்கே மலை ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. வேதாள் தேக்டி, ஹனுமான் தேக்டி, பர்வதி, தள்ஜாய், பாஷாண் என்று திரும்பிய பக்கமெல்லாம் குன்று. தேக்டி என்றால் குன்று. ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் தலைமுறை தலைமுறையாக இருக்கும் நம்மவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. நேற்று ஹிஞ்ஜவடியில் ஐ.டி. வேலைக்கு வந்து இறங்கியவர்களுக்காகச் சொல்கிறேன். சென்னையில் இருப்பவர்கள் குன்று இல்லையே என்று வருந்தாதீர்கள். உங்களுக்குப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இருக்கிறது. பாடம் ஒன்றுதான்.

படி 1: காலையில் நடக்கப் போங்கள்

ஆறு மணிக்கெல்லாம் வேதாள் தேக்டிக்குப் போய்விடுங்கள். மயில் அகவும். பழைய கல்குவாரிப் பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும். மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள். காசு கேட்டார்களா? இல்லை. அப்படியானால் அதன் மதிப்பு பூஜ்யம் என்று குறித்துக்கொள்ளுங்கள். குன்று மழைநீரைக் குடித்து, வடிகட்டி, உங்கள் அடுக்ககத்து போர்வெல்லுக்கு அனுப்புகிறது. ஆனால் பில் அனுப்ப அதற்குத் தெரியாது. பில் அனுப்பத் தெரியாதவருக்கு நாம் ஏன் கடன்பட வேண்டும்? பொருளாதாரத்தில் இதற்குப் 'புறவிளைவு' என்று கௌரவமான பெயர் உண்டு. கணக்குப் புத்தகத்துக்கு வெளியே நடப்பதெல்லாம் அதில் அடங்கும்.

இறங்கி வரும்போது பக்கத்தில் நடப்பவரிடம், "இந்த ஊருக்கு இதுதான் சார் நுரையீரல்" என்று சொல்லுங்கள். பிறகு காரை எடுங்கள். சிக்னலில் இருபது நிமிடம் நின்றதும், "இந்தக் குன்றைக் குடைந்து ஒரு ரோடு போட்டால்தான் என்ன?" என்று எரிச்சல்படுங்கள். பால்பாரதியிலிருந்து பௌட் ஃபாட்டாவுக்குக் குன்றோரமாகச் சாலை போடும் திட்டம் இத்தனை வருடமாகக் காத்துக்கிடப்பது உங்களுடைய அந்த எரிச்சலுக்காகத்தான்.

படி 2: ஆளைப் பார்த்து விலை சொல்லுங்கள்

இதுதான் மூலப்பாடம், நிதானமாகப் படியுங்கள். சந்தையையும் காட்டையும் ஒரே வீட்டுக்குள் வைத்துப் பார்த்த குடும்பம் ஒன்று புனேயில் உண்டு. அப்பா தனஞ்ஜயராவ் காட்கில் பொருளாதார அறிஞர். 1930-ல் தொடங்கிய கோகலே இன்ஸ்டிட்யூட்டின் முதல் இயக்குநர், பின்னாளில் திட்டக்குழுவின் துணைத்தலைவர். மகன் மாதவ் காட்கில் சூழலியலாளர். அப்பா வாழ்நாளெல்லாம் விலையைப் பற்றி யோசித்தார். அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்று மகன் காட்டுக்குள் போய்ப் பார்த்தார்.

அவர் கண்ட கணக்கு இது. கர்நாடகத்தின் உத்தர கன்னடக் காடுகளிலிருந்து காகித ஆலைக்கு அரசு மூங்கில் கொடுத்தது, டன் ஒன்றரை ரூபாய்க்கு. அதே மூங்கிலைக் கூடை முடைபவர் சந்தையில் வாங்கினால் டன் 1,500 ரூபாய். ஆயிரத்துக்கு ஒன்று. இந்த விகிதத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், வாழ்நாள் முழுக்க உதவும். சந்தை என்றால் எல்லோருக்கும் ஒரே தராசு என்று கல்லூரியில் எழுதி மார்க் வாங்கியிருப்பீர்கள். அதை மறந்துவிடுங்கள். கூடைக்காரருக்குச் சந்தை, ஆலைக்காரருக்குச் சலுகை. ஒன்றரை ரூபாய்க்குக் கிடைப்பதை எவனாவது பார்த்துப் பார்த்து வெட்டுவானா?

மூங்கில் தீர்ந்ததும் என்ன செய்வது என்று கலங்காதீர்கள். ஆடுமாடு மேய்ப்பவர்கள்தான் அழித்துவிட்டார்கள் என்று அறிக்கை எழுதுங்கள். மூங்கில் தூரைச் சுற்றி இயற்கையாகவே முள் போர்த்தியிருக்கும். இளங்குருத்துக்கு அதுதான் வேலி. அந்த முள்ளை ஆலைக்காரர்கள் வெட்டிச் 'சுத்தம்' செய்தார்கள். வேலி போனதும் குருத்தை மாடும் மற்ற பிராணிகளும் கடித்துத் தின்றுவிட்டன. கிராமத்துக்காரர்கள் இதைத்தான் சொன்னார்கள். காட்கில் நேரில் போய்ப் பார்த்து, அவர்கள் சொன்னது சரி என்றார். இந்த மாதிரி நேரில் போய்ப் பார்க்கும் ஆட்களைக் குழுவில் சேர்க்கும்போது எச்சரிக்கையாக இருங்கள். இவர் ஆறாம் படியில் மறுபடியும் வருவார்.

படி 3: சட்டென்று கட்சி மாறி, எல்லாவற்றுக்கும் விலை ஒட்டுங்கள்

காலம் மாறிவிட்டது. இப்போது பூஜ்யம் என்று சொன்னால் வழக்குப் போடுகிறார்கள். ஆகவே, இயற்கையின் மீது பேரன்பு கொண்டு அதற்கு ஒரு தொகையைக் குறியுங்கள். குறித்த நிமிடமே அது விற்பனைக்கு வந்துவிடும்.

உச்சநீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு ஒன்று மரத்துக்கு விலை சொன்னது. மேற்கு வங்கத்தில் ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டும் வழக்கு அது. ஒரு மரத்தின் மதிப்பு வருடத்துக்கு 74,500 ரூபாய், அதில் ஆக்ஸிஜனுக்கு மட்டும் 45,000. மரத்தின் வயதால் பெருக்கிக்கொள்ள வேண்டும். நூறு வயது தாண்டிய பாரம்பரிய மரம் என்றால் ஒரு கோடிக்கும் மேல். அந்த மரங்களின் மொத்த மதிப்பு 220 கோடி என்று 2021-ல் கணக்கு வந்ததும் நாடே வாய்பிளந்தது. 2023-ல் வெட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது.

இப்போது இன்னொரு விலைப்பட்டியலைக் கையில் எடுங்கள். வனநிலத்தை வேறு காரியத்துக்குக் கொடுத்தால் கட்ட வேண்டிய 'நிகழ்கால நிகர மதிப்பு' அது. 2022-ல் திருத்திய விகிதப்படி மிக உயர்ந்த வகை அடர்காட்டுக்கும் ஹெக்டேருக்குச் சுமார் 16 லட்சம் ரூபாய்தான். தேசியப் பூங்கா, சரணாலயம் என்றால் மடங்கு கூடும், மரம் நடும் செலவு தனி. அதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு பென்சில் எடுங்கள். ஒரு ஹெக்டேர் 1,07,639 சதுர அடி. வகுத்தால் சதுர அடிக்குப் பதினைந்து ரூபாய். ஒரு கட்டிங் சாய் குடிக்கலாம். என் பேட்டையில் பிளாட் சதுர அடி பத்தாயிரத்தைச் சாதாரணமாகத் தொடுகிறது.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐம்பது வயது மரம் ஒன்று, முதல் கணக்கில் 37 லட்சத்து 25 ஆயிரம். அந்தக் காசுக்கு இரண்டாவது கணக்கில் இரண்டு ஹெக்டேருக்கும் மேல் அடர்காடு வாங்கலாம், அதில் நிற்கும் மரம், கொடி, மரநாய், காளான் உட்பட. தனி மரம் தோப்பாகாது என்பார்கள். இங்கே தனி மரம் இரண்டு தோப்பு. நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை, இரண்டும் நம் நாட்டின் அதிகாரபூர்வக் காகிதங்களில் இருக்கும் எண்கள்தான். ஆகவே, புகழ வேண்டிய இடத்தில் முதல் பட்டியலைச் சொல்லுங்கள். பணம் கட்ட வேண்டிய இடத்தில் இரண்டாவதை நீட்டுங்கள். மாற்றி நீட்டிவிடாதீர்கள்.

படி 4: ஒன்றுக்கு அறுபது நடுங்கள்

மகாராஷ்டிரத்தின் நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டம் 1975-ல் வந்தது. 2021 திருத்தம் அதை நமக்கு இன்னும் வசதியாக்கியது. வெட்டும் மரத்துக்கு எத்தனை வயதோ அத்தனை கன்று நட வேண்டும், ஏழு வருடம் பராமரிக்க வேண்டும். அறுபது வயது ஆலமரமா, அறுபது கன்று. எவ்வளவு தாராளம் பாருங்கள்! ஒன்று கொடுத்து அறுபது வாங்குகிறோம். இந்த வட்டி எந்த பேங்கில் கிடைக்கும்?

எங்கே நடுவது என்று கேட்காதீர்கள். அது மூன்றாம் நபர் கேட்கும் கேள்வி. நீங்கள் கன்றோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டப்போகும் மரங்களையும் போய்ப் பாருங்கள், முளா-முட்டா ஆற்றங்கரையில் அடிமரத்தில் பெயின்ட்டால் எண் எழுதியிருப்பார்கள். கசாப்புக் கடைக்குப் போகும் ஆட்டுக்குக்கூட அவ்வளவு சுத்தமான கையெழுத்தில் நம்பர் போடுவதில்லை. ஒரு கருவேலத்தில் எண்ணின் மேல் பிசின் வழிந்து '8' எது, '3' எது என்று தெரியாமல் இருந்ததை நானே பார்த்தேன். இப்படி நடந்தால் கணக்கில் குழப்பம் வரும். பிசின் வடியாத மரமாகப் பார்த்து எண் எழுதுங்கள்.

படி 5: ஆற்றை ஒல்லியாக்குங்கள்

புனே ஆறுகளுக்கு இரண்டு கோடு உண்டு. இருபத்தைந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் எட்டும் இடம் நீலக்கோடு, நூறு வருடத்துக்கு ஒருமுறை வருவது சிவப்புக்கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிலம், அந்தப் பக்கம் தண்ணீர். இந்தப் பக்கத்து ஒரு குண்டா, அதாவது 1,089 சதுர அடி, கோடி பேசும் இடத்தில் அந்தப் பக்கத்துக் குண்டாவைத் தவளைகூட விலை கேட்காது. கோடு எங்கே போகிறது என்பதில் ஏன் இத்தனை சண்டை, இத்தனை வழக்கு என்று இப்போது புரியும்.

ஆற்றங்கரை மேம்பாட்டுத் திட்டம் 44 கிலோமீட்டர். 4,727 கோடி ரூபாய் மதிப்பில் 2022 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். கரைகட்டி, நடைபாதை போட்டு, புல்வெளி விரித்து ஆற்றை மனிதர்கள் உட்கார்ந்து பார்க்கும்படி ஆக்குவார்கள். சாக்கடை? அது வேறு திட்டம், வேறு கோப்பு, அதற்கு ஜப்பான் கடன். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

2019 செப்டம்பரில் ஆம்பில் ஓடா என்ற ஓடை பொங்கி வீடுகளுக்குள் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. 2024 ஜூலையில் கடக்வாஸ்லா அணை திறந்ததும் சிம்மகட் சாலை ஏக்தா நகரியில் கார்கள் மிதந்தன. ஆறு தன் பழைய பட்டாவை எடுத்துக்கொண்டு வந்து நின்ற நாட்கள் அவை. இப்படி நடந்தால், "இயற்கைச் சீற்றம்" என்று சொல்லுங்கள். சீற்றம் என்ற வார்த்தையில் நம் கையெழுத்து இருக்காது.

படி 6: அறிக்கை கேளுங்கள். பிடிக்காவிட்டால் இன்னொன்று கேளுங்கள்

2010-ல் மத்திய அரசு மேற்குத்தொடர்ச்சி மலைக்காக ஒரு குழு போட்டு, காட்கிலைத் தலைவராக்கியது. (ஆளைப் பற்றி இரண்டாம் படியிலேயே எச்சரித்தேன்.) 2011 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தார். மலைத்தொடர் முழுவதுமே சூழல் நுண்ணுணர்வுப் பகுதி, அதை மூன்று மண்டலமாகப் பிரித்து நடந்துகொள்ளுங்கள் என்றார். இந்த மாதிரி அறிக்கை கிடைத்தால் முதலில் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, நீதிமன்றம் வரை போன பிறகு 2012-ல் வெளியிடுங்கள். பிறகு இன்னொரு குழு போடுங்கள். கஸ்தூரிரங்கன் குழு 2013-ல் பரப்பை 37 சதவீதமாகச் சுருக்கியது. அதுவும் அதிகம் என்று சொல்லுங்கள்.

2014 ஜூலை 30 அன்று புனே மாவட்டம் மாளீண் கிராமத்தின் மேல் மலை சரிந்தது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். சரியாகப் பத்து வருடம் கழித்து, அதே ஜூலை 30 அன்று வயநாடு. மறுநாள் மத்திய அரசு நுண்ணுணர்வுப் பகுதிக்கான வரைவு அறிவிக்கையை வெளியிட்டது. ஆறாவது வரைவு. வரைவு என்பது ஊறுகாய் மாதிரி, ஊற ஊறத்தான் ருசி. இறுதி அறிவிக்கைக்கு அவசரப்படாதீர்கள்.

நடுவில் லவாசாவையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வரஸ்காவ் அணைக்கு மேலே, இத்தாலியின் போர்ட்டோஃபினோவைப் பார்த்து வரைந்த மலைநகரம். 2008-ல் மாநில அரசு அந்த நிறுவனத்துக்கே திட்ட ஆணையம் என்ற அந்தஸ்தைக் கொடுத்தது. கட்டுபவரும் அவரே, கட்டலாமா என்று பார்ப்பவரும் அவரே. 2010-ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் வேலையை நிறுத்தச் சொன்னது, அடுத்த வருடம் நிபந்தனையோடு அனுமதித்தது, 2018-ல் விவகாரம் திவால் நடைமுறைக்குப் போனது. சந்தை தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் என்று சொல்வார்களே, திருத்திக்கொண்டது. மலைதான் பழையபடி ஆகவில்லை. வெளிர் மஞ்சள், காவி நிற வீடுகளை ஏரிக்கரையில் நின்று படம் எடுத்தால் இத்தாலி போலவே இருக்கும். எடுக்காமல் வராதீர்கள்.

படி 7: காவல் காப்பவருக்கு மட்டும் காசு கொடுத்துவிடாதீர்கள்

பலர் சறுக்கும் இடம் இது. இயற்கைக்கு விலை உண்டென்றால் அதைக் காப்பவருக்குக் கூலி உண்டுதானே என்று யாராவது கேட்டுவிடுவார்கள். காட்கில் குழு கேட்டது. கோயில்காட்டைக் காக்கும் ஊருக்கும், நாட்டு விதையையும் நாட்டு மாட்டையும் வளர்க்கும் விவசாயிக்கும், மண்ணில் கரிமம் சேர்ப்பவருக்கும் சேவைக் கட்டணம் கொடுங்கள் என்று எழுதியது. அறிக்கையை எரித்தவர்களும் சரி, தலையில் வைத்துக் கொண்டாடியவர்களும் சரி, பெரும்பாலோர் இந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. நல்லவேளை.

கொங்கணத்தில் ஸ்ரீவர்தன் பக்கம் கானி என்று ஒரு கிராமம். அவர்களுடைய தேவராய், நம் ஊரில் கோயில்காடு என்போமே அது, சுற்றுவட்டாரத்தில் மிஞ்சியிருந்த ஒரே காடு. ஓடையில் தண்ணீர் வருவது அதனால்தான் என்று ஊருக்குத் தெரியும். வெட்ட ஆள் வந்தபோது புனேவின் தாவரவியலாளர் வா.த. வர்தக்கும் காட்கிலும் துணைக்குப் போய்த் தடுத்தார்கள். எத்தனையோ நூற்றாண்டுக் காவல், சம்பளம் இல்லை. ஐயனாருக்கு நாம் குதிரையாவது செய்து வைக்கிறோம்.

இன்னும் ஆபத்தான முன்னுதாரணம் பீமாசங்கரில் இருக்கிறது. புனேவிலிருந்து இயங்கும் சூழல் அமைப்பு ஒன்று, மகாதேவ் கோலி மக்கள் பொறுக்கும் தான்றிக்காய்க்கு முறையான சான்று வாங்கி, வெளிநாட்டு மூலிகைத் தேநீர்க்காரர்களிடம் நல்ல விலைக்குச் சேர்த்தது. காய்க்குக் காசு வந்தால் மரத்தை விறகுக்குச் சாய்க்க மாட்டார்கள். மரம் நின்றால் அதன் பொந்தில் இருவாச்சி கூடு வைக்கும். சந்தையும் காடும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்ளும் இப்படிப்பட்ட இடங்களுக்கு மாணவர்களைச் சுற்றுலா அழைத்துப் போகாதீர்கள். பயிற்சி கெட்டுவிடும்.

நகரத்துக்குள் என்றால் முறை வேறு. 1997-ல் நகரத்தோடு சேர்ந்த 23 கிராமங்களின் குன்றுகளில் 978 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பூங்காவுக்கு ஒதுக்கினார்கள். சுருக்கமாக பி.டி.பி. என்றால் சாத்பாரா, அதாவது நிலப்பதிவுச் சீட்டு, வைத்திருக்கும் விவசாயிக்குத் தெரியும். நில உரிமையாளர்களுக்கு ஈடு, எட்டு சதவீத கட்டுமான உரிமை மாற்றுச் சான்று. எட்டுக்கு யார் கொடுப்பார்கள் என்று அவர்கள் கொடுக்கவில்லை. எட்டுக்குமேல் ஏன் என்று அரசும் நகரவில்லை. இந்த இழுபறியில் சரிவுகளில் இரவோடிரவாகத் தகரக் கொட்டகை முளைக்கும். கொட்டகைக்கு மின்இணைப்பு, மின்இணைப்புக்குப் பின் முகவரி, முகவரிக்குப் பின் கருணை.

படி 8: காட்சியை விற்றுவிடுங்கள், நீங்களும் வாங்குங்கள்

கடைசிப் படிக்கு என்னையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். என் பிளாட்டுக்கு 'ஹில் வியூ' என்று சதுர அடிக்குத் தனியாகக் கட்டணம் கட்டினேன். குன்றுக்குப் போன பங்கு ஏதுமில்லை. மூன்று மழைக்காலம் பால்கனியில் நாற்காலி போட்டு, பச்சை ஏறுவதையும் மேகம் இறங்குவதையும் அனுபவித்தேன். நான்காவது வருடம் எதிரே ஒரு கட்டடம் எழுந்தது. இப்போது என் ஹில் வியூவில் ஒரு குடும்பம் துணி காயப்போடுகிறது.

சொசைட்டியில் கொதித்தோம். 'தேக்டி வாசவா' என்று வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். குன்றைக் காப்பாற்று என்று அர்த்தம். 140 உறுப்பினர்கள், நான்தான் அட்மின். போன ஞாயிறு அந்தப் புதுக் கட்டடத்தின் மாதிரி பிளாட்டைச் சும்மா எட்டிப்பார்க்கப் போனேன். பதினான்காவது மாடி. திரையை விலக்கினார்கள், முழுக் குன்றும் நின்றது. தேநீர் வந்தது.

"முன்னால இருக்கிற காலி இடத்துல ஏதாவது வருமா?"

"வராது சார், அது பி.டி.பி.," என்றாள் விற்பனைப் பிரிவுப் பெண். "காலாகாலத்துக்கும் பச்சைதான்."

எட்டிப் பார்த்தேன். புல்லில் யாரோ சுண்ணாம்புப் பொடியால் நேராக ஒரு கோடு இழுத்திருந்தார்கள், அதன் முனையில் ஒரு மாடு நின்றுகொண்டிருந்தது. டோக்கன் 51,000, செக்கா யு.பி.ஐ.யா என்று கேட்டாள். கைபேசியை எடுத்தேன். குழுவில் 43 புதுச் செய்திகள் இருந்தன. அவற்றை மேலே தள்ளிவிட்டு ஸ்கேன் செய்தேன்.